நோட்டில் எழுதாத சங்கதி

786

பழவேற்காடு,
12-2-1956

என் பிரியமுள்ள சாராளுக்கு,

குல்சும் எழுதிக்கொண்டது. ஆண்டவன் கிருபையால் இங்கே நான், என் மகள் சாயிரா, மாமி எல்லோரும் சுகம். திருவள்ளூரில் நீயும் உன் அம்மாவும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இந்த வரி இல்லாமல் கடிதம் ஆரம்பிக்கக் கூடாது என்று உன் அப்பா பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தாரே, அதனால் எழுதிவிட்டேன். இனி சங்கதிக்கு வருகிறேன்.

என் மச்சானுக்கு, சாயிராவின் வாப்பாவுக்கு, டிசம்பர் மாதத்திலிருந்து விடாத இருமல். வியாபாரத்து இறால் கருவாட்டு மூட்டைத் தூசிதான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பட்டணத்தில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால் நெஞ்சில் க்ஷயம். சானடோரியத்தில் இடமில்லை என்றார்கள். பொன்னேரியில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டாக்டர் பரசுராமன்தான் இப்போது பார்க்கிறார். தினம் ஒரு ஊசி. கம்பவுண்டர் சின்னராசு காலையில் சைக்கிளில் வந்து வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நாங்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அங்கேதான் எனக்குப் பெரிய பேஜாராக இருக்கிறது, சாராள். டிஸ்பென்சரியில் கோஷாப் பெண்களுக்கென்று ஒரு பச்சைத் திரை கட்டியிருக்கிறார்கள். நான் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு அதற்குப் பின்னால் உட்காருவேன். டாக்டர் "எப்படி இருக்கார்?" என்று கேட்பார். என் கொழுந்தன் உமர் பாரூக் திரைப்பக்கம் திரும்பி, "இன்னா சொல்லட்டும் அண்ணி?" என்பார். "அல்ஹம்துலில்லாஹ், தேவலைன்னு சொல்லுங்க தம்பி" என்பேன். டாக்டர் எழுதிக்கொள்வார். அவ்வளவுதான், வண்டி ஏற வேண்டியதுதான்.

அந்த வாரம் இரண்டு நாள் ஜுரம் அடித்து ஜிப்பா நனைய வியர்த்திருந்தது. அதை நான் சொல்லவில்லை. மச்சான் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது? "சீக்காளி பக்கத்துல உக்காந்துகினு இன்னா பேசினாலும் மலக்குங்க ஆமீன் சொல்லிடுவாங்க, பாத்துப் பேசு" என்று மாமி வண்டி ஏறும்போதே சொல்லி அனுப்புகிறார். மலக்குகள் என்றால் உங்கள் தேவதூதர்கள்தான். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. ஆனால் டாக்டருக்கு எதுவுமே தெரியாமல் வைத்தியம் நடக்கிறதே என்றும் பயமாக இருக்கிறது.

நீ நர்ஸ். டாக்டர்களோடு தினமும் பேசுகிறவள். நான் அவரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று எனக்கு எழுது. எனக்கு மச்சான் பிழைக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் பிரியமுள்ள,
குல்சும்

*

திருவள்ளூர்,
20-2-1956

அருமைக் குல்சும்,

கர்த்தர் எங்களை நன்றாகவே வைத்திருக்கிறார். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது, அப்புறம் கோபம் வந்தது. பூமி சுற்றினால் நம் ஏரித் தண்ணீர் ஏன் கொட்டுவதில்லை என்று கேட்டு என் அப்பாவை மூன்று நாள் சோறு தின்ன விடாமல் செய்த குல்சுமா இன்றைக்கு ஒரு டாக்டரிடம் வாய் திறக்கப் பயப்படுகிறாள்?

கேள். டாக்டர் உன் புருஷனைப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை, கால் மணி நேரம் பார்க்கிறார். மீதி நேரமெல்லாம் பார்க்கிறவள் நீ. உனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. "தேவலை" என்பது உன் ஆசை, குல்சும். டாக்டருக்கு வேண்டியது உன் ஆசை அல்ல, நீ கண்ணால் பார்த்தது.

அல்ஹம்துலில்லாஹ் சொல்லாதே என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் அதைச் சொல். அப்புறம் நோட்டைப் பிரி. ஆமாம், ஒரு நோட்டுப் போடு. தேதி போட்டு, ஜுரம் எத்தனை, இருமல் எப்படி, என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்று தினம் எழுது. புதிதாக எதைப் பார்த்தாலும் எழுது. அவர் எதிரே சொல்லத் தயக்கமாக இருந்தால் நோட்டை டாக்டர் கையில் கொடுத்துவிடு. மலக்குகள் காதில் விழாது.

கேள்வி மூன்று கேள். இந்த ஊசி எதற்கு? இன்னும் எத்தனை நாளைக்கு? இதனால் என்ன கெடுதல் வரலாம், எதைக் கண்டால் நான் ஓடிவர வேண்டும்? நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். கோபித்தால் கோபித்துக்கொண்டு போகட்டும், பதிலை வாங்கிக்கொண்டு வா. இந்த மூன்றாவது கேள்விக்கு நானே பதில் எழுதலாம்தான். ஆனால் இன்னொரு டாக்டரின் நோயாளிக்கு நர்ஸ் மருந்தைப் பற்றிச் சொல்லுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. மேட்ரனுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். டாக்டரையே கேள்.

நாங்கள் ஜெபித்துக்கொள்கிறோம். சாயிராவுக்கு என் முத்தம்.

உன் சிநேகிதி,
சாராள்

*

786

பழவேற்காடு,
25-3-1956

என் பிரியமுள்ள சாராளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், இந்தத் தடவை பாதி நிஜமாகவே சுகம். உன் அம்மாவின் முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுத்துப் பார்.

நீ சொன்னபடி நோட்டுப் போட்டேன். மளிகைக் கடை நோட்டுத்தான், நாற்பது பக்கம். முதல் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இப்போது பழகிவிட்டது. ஜுரம் பத்து நாளாக இல்லை. இருமலில் சளி குறைந்திருக்கிறது. முன்பு அரைத் தட்டுச் சோறு, இப்போது ஒன்றரை. கன்னத்தில் கொஞ்சம் சதை கூட வைத்திருக்கிறது. எனக்கு எத்தனை சந்தோஷம் என்று உனக்குத் தெரியும்.

ஆனால் நோட்டு டாக்டர் கைக்குப் போகவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து உமர் தம்பியிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, பொம்பளைங்க எழுதின நோட்டை அவரு கைல குடுத்துக்கினு? நானே சொல்லிர்றேன்" என்று ஜேபியில் வைத்துக்கொண்டார். ஜுரம் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நல்லதை மட்டும் சொன்னார். மூன்று கேள்வியில் இரண்டைக் கேட்டார். நெஞ்சுப் புண் ஆற ஊசி, இன்னும் இரண்டு மாசம் போட வேண்டும் என்றார் டாக்டர். மூன்றாவதைக் கேட்கவே இல்லை. "மருந்தால கெடுதல் வருமான்னு கேட்டா, அவரையே சந்தேகப்பட்ற மாதிரி ஆவாதா?" என்று வண்டியில் என்னிடம் சொன்னார். அவர் நல்ல பிள்ளை, அண்ணன் மேல் உயிர். அடுத்த தடவை நானே பேசுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னிடம் ஒரு குறை சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொல்வேன். மச்சான் இப்போதெல்லாம் நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அடுப்பங்கரையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டு, நான்காவது தடவை எதிரே போய் நின்றால்தான் "இன்னா?" என்கிறார். சாயிரா மடியில் உட்கார்ந்து கதை சொன்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார். படுக்கையிலேயே கிடந்து பிடிவாதம் பிடித்துப்போய்விட்டதோ என்னமோ. எழுந்து நடந்தாலும் நேராக நடக்காமல் தோணியில் நிற்கிறவர் மாதிரி ஒரு ஆட்டம், சுவரைப் பிடித்துக்கொண்டு. "பலம் வரலையா மச்சான்" என்று கேட்டதற்கும் பதில் இல்லை. என் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. அவருடைய நோயைப் பற்றி உனக்கு எழுதினேன் என்று தெரிந்துவிட்டதோ?

இதையெல்லாம் நோட்டில் எழுதவில்லை. புருஷன் பெண்டாட்டி சங்கதி டாக்டருக்கு எதற்கு?

உன் பிரியமுள்ள,
குல்சும்

*

திருவள்ளூர்,
2-4-1956

அருமைக் குல்சும்,

ஜுரம் போய்விட்டது என்று படித்ததும் நடு வார்டில் நின்று சிரித்துவிட்டேன். ஒன்றரைத் தட்டுச் சோறு சாதாரண விஷயமா? நீ பார்த்துக்கொண்ட லட்சணத்துக்குத்தான் அந்தக் கன்னத்துச் சதை. ஏசுவுக்கு ஸ்தோத்திரம்.

உமர் தம்பியிடம் நோட்டைக் கொடுக்காதே. அடுத்த தடவை திரைக்கு அடியில் கையை நீட்டி டாக்டரிடமே கொடு. மூன்றாவது கேள்வியை விடாதே.

இனி உன் குறைக்கு வருகிறேன். அடி பைத்தியமே, இது உன் வீட்டுப் புருஷனுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. என் ஆண்கள் வார்டில் இருபத்திரண்டு கட்டில். சாப்பாட்டு மணி அடித்தால் இருபத்திரண்டு பேருக்கும் காது கேட்கும், பெண்டாட்டி வந்து கூப்பிட்டால் ஒருத்தருக்கும் கேட்காது. உடம்பு தேறத் தேறக் கோபம் வரும். கோபம் வந்தால் பிழைத்துவிட்டார் என்று அர்த்தம். நீ கூப்பிடுவதை நிறுத்திப் பார், தானே தேடி வருவார்.

எழுதும்போதே டியூட்டி மணி அடித்துவிட்டது. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் மன்னித்துக்கொள். ஈஸ்டர் முடிந்துவிட்டது, இந்த மாசம் லீவு கிடைத்ததும் வருகிறேன், ஏரி மீன் குழம்பு வைத்துப் போடு.

உன் சிநேகிதி,
சாராள்

*

786

பழவேற்காடு,
13-5-1956

சாராளுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். போன மாசம் நீ வராததும் நல்லதாகப் போயிற்று. அப்போது ரம்ஜான் நோன்பு நேரம், உனக்கு ஒழுங்காக ஒரு சாப்பாடு போட்டிருக்க முடியாது.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிவாசல் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நான் துப்பட்டியைத் தலையில் இழுத்துக்கொண்டு நின்றேன். மச்சான் வாசலுக்கு நேரே பாயில் உட்கார்ந்திருந்தார். பாங்கு முடிந்து, தெருவில் ஆட்கள் போகவும் ஆரம்பித்துவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்து, "இன்னும் பாங்கு சொல்லலையா?" என்று கேட்டார்.

உள்ளே போய்ப் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்து அவர் முதுகுக்குப் பின்னால் தரையில் போட்டேன். சாயிரா வீல் என்று அலறினாள். மாமி உள்ளேயிருந்து ஓடி வந்தார். அவர் திரும்பவில்லை.

நீ எழுதியிருந்தாய் அல்லவா, கூப்பிடுவதை நிறுத்திப் பார் என்று. ஒரு மாசமாக நான் நிறுத்தியிருந்தேன். ரோஷம். தேடி வரட்டும் என்று.

மறுநாளே வண்டி கட்டச் சொன்னேன். பதினைந்து நாள் கெடு இன்னும் வரவில்லை என்று உமர் தம்பி சொன்னார், நான் கேட்கவில்லை. நோட்டு உமர் தம்பியிடமே தங்கிவிட்டதால் ஏப்ரலிலும் நான் திரைக்குப் பின்னாலிருந்து தேவலை என்றே சொல்லியிருந்தேன். இந்தத் தடவையும் டிஸ்பென்சரியில் டாக்டர் வழக்கம்போல் கேட்டார். உமர் தம்பி திரும்பினார். "தம்பி, நீங்க கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, துப்பட்டியை முகத்தோடு பிடித்துக்கொண்டு திரையை விட்டு வெளியே வந்துவிட்டேன். நீ சொன்ன மாதிரியே சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ். ஜுரம் இல்ல டாக்டர். சாப்பிட்றாரு. ஆனா இவருக்குக் காது கேக்கல. செவுத்தப் புடிச்சிக்கினுதான் நடக்கறாரு. மார்ச் மாசத்துலேந்து."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து, மச்சான் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சத்தமாகவும் கூப்பிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "ரெண்டு மாசமாவாம்மா? ஏன் சொல்லலை?" என்றார். "கோவம்னு நெனச்சேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் என்னைத் திட்டவில்லை, சாராள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நானும் ஒவ்வொரு தடவையும் தேவலைங்கற வார்த்தையைக் கேட்டுண்டு விட்டுட்டேன். நான் தனியாப் பார்த்திருக்கணும்" என்றார். இந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்குமாம். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் நிறுத்தி மாத்திரைக்கு மாற்றியிருக்கலாமாம். இப்போது நிறுத்திவிட்டார். நெஞ்சு ஆறிவிடும், நடையும் பழகிவிடும், காது மட்டும் சந்தேகம் என்றார்.

நாங்கள் பேசும்போது மச்சான் நடுவில் உட்கார்ந்து என் வாயையும் டாக்டர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப் பத்தி இன்னா பேசிக்கினு கீறீங்க?" என்று கத்தினார். கத்துகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவரும் இரண்டு மாசமாக என்னிடம் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் நோயாளிக்கு ஆகாது என்று மெதுவாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். நான் கோபம் என்று நினைத்தேன், அவர் மரியாதை என்று நினைத்திருக்கிறார்.

உன் ஆஸ்பத்திரியில் இதற்கு ஏதாவது வைத்தியம் இருக்கிறதா? உடனே எழுது. இன்னொன்றும் கேட்கிறேன், ஒளிக்காமல் சொல். இது என்னால் வந்ததா?

குல்சும்

*

திருவள்ளூர்,
18-5-1956

குல்சும்,

முதலில் வைத்தியத்துக்குப் பதில். எங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அந்த ஊசியால் போன காது திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் உன்னை ஊர் ஊராக அலையவிடக் கூடாது என்பதால் எழுதிவிட்டேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில். உன்னால் இல்லை.

உன் கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். நேற்று மார்ச் 25 கடிதத்தை எடுத்துப் படித்தேன். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று எழுதியிருக்கிறாய். தோணியில் நிற்கிறவர் மாதிரி ஆட்டம் என்று எழுதியிருக்கிறாய். சுவரைப் பிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். புதிதாக எதைப் பார்த்தாலும் எழுது என்று நான் சொன்னேன், நீ எழுதிவிட்டாய். டாக்டருக்குச் சொல்லவில்லையே தவிர ஒரு நர்ஸுக்குச் சொல்லியிருக்கிறாய். ஒன்றுகூட விடாமல்.

இதைக் கேட்டுவிட்டு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். எங்கள் வார்டில் இந்த ஊசி போடுகிற நோயாளிகள் ஏழு பேர். சனிக்கிழமைதோறும் என் நெஞ்சில் குத்தியிருக்கும் கடிகாரத்தைக் கழற்றி, அவர்கள் காதுக்குப் பின்னால் பிடித்து, டிக் டிக் கேட்கிறதா என்று கேட்பது என் வேலை. உன் கடிதத்துக்கு நான் அந்தக் கேலிப் பதிலை எழுதியது ஒரு திங்கட்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஏழு பேருக்கும் கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தேன்.

ஏன் எனக்குத் தோன்றவில்லை? நீ நோயாளியின் வீட்டுக்காரியாக எழுதவில்லை, சிநேகிதியாக எழுதினாய். நானும் யூனிபாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சிநேகிதியாகப் படித்தேன். பிப்ரவரியிலேயே காதைப் பார்த்துக்கொள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். தொழில் வழக்கம் என்று விட்டேன். டாக்டரிடம் வாயைத் திற என்று உனக்குப் பாடம் சொன்னவள், நீ வாயைத் திறந்தபோது சிரித்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. கேட்கிறேன்.

எப்படி இருக்கிறாய்? சுகம் என்று எழுதாதே.

சாராள்

*

786

பழவேற்காடு,
10-6-1956

சாராளுக்கு,

உன் அப்பா சொல்லிக்கொடுத்த முதல் வரியை இதில் எழுதவில்லை. நீதான் வேண்டாம் என்றாய்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டாய். நோட்டு பழகிப்போய்விட்டதால் அப்படியே சொல்கிறேன். சோறு இறங்கவில்லை. தூக்கம் இரண்டு மணி நேரம். எதிரே ஆளைப் பார்த்தால் தானாகக் குரல் உயர்ந்துவிடுகிறது, மாமியிடம்கூடக் கத்துகிறேன். மச்சானுக்கு ஜுரம் இல்லை, இருமல் இல்லை, எடை ஏறியிருக்கிறது. சாயிரா இப்போது வாப்பா என்று கூப்பிடுவதில்லை. ஓடிப்போய் அவர் எதிரே நின்றுகொள்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் குரல் எப்படி இருந்தது என்று அவருக்கு எத்தனை நாள் ஞாபகம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே படுக்கிறேன்.

அவருக்கு இப்போது படிப்புத்தான் பொழுதுபோக்கு. பழைய பேப்பர், மருந்து அட்டை, எது கிடைத்தாலும் படிக்கிறார். உன் கடிதங்களையும் கேட்டார். ஒளிக்கலாம் என்று நினைத்தேன், அப்புறம் கொடுத்துவிட்டேன். வரிசையாகப் படித்தார். அந்த ஏப்ரல் கடிதத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு அந்தப் பெரிய குரலில், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "உன் சிநேகிதி நல்லா எழுதறா. எனக்கே சிரிப்பு வந்திச்சு" என்றார். சிரிக்கவில்லை. கடிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்துக் கொடுத்தார்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். என்னால் வந்ததா என்று நான் கேட்டதற்கு இல்லை என்று எழுதியிருக்கிறாய். அது உன் ஆசை, சாராள். கண்ணால் பார்த்தது அது இல்லை. என்னாலும் வந்தது, உன்னாலும் வந்தது, திரையாலும் உமர் தம்பியின் ஜேபியாலும் வந்தது. உமர் தம்பி அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுதார். அவரைத் தேற்ற முடிந்தது. உன்னைத் தேற்ற இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது நான் திரைக்குப் பின்னாலிருந்து சொன்ன தேவலை மாதிரி ஆகிவிடும். எத்தனை நாள் இருக்கும் என்று தெரியவில்லை. தீர்ந்தால் நானே எழுதுகிறேன். அதுவரை நீ எழுதாதே, வரவும் வேண்டாம். கடிதத்தைக் கண்டால் அவரும் வாங்கிப் படிப்பார்.

டாக்டரிடம் இப்போது நான்தான் பேசுகிறேன். பச்சைத் திரைக்குப் பின்னால் போய் உட்காருவதில்லை. நோட்டை மேஜை மேல் வைக்கிறேன், அவர் முழுக்கப் படித்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். நீ சொல்லிக்கொடுத்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதை மறக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் வார்டுக்கு எவளாவது வந்து, என் புருஷன் என் மேல் கோபமாக இருக்கிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று உன்னிடம் குறைப்பட்டால் சிரிக்காதே. எழுந்து போய் அவர் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்.

குல்சும்